நேரெதிர் குணங்கள், ஒரே மேஜை: தென்னிந்தியத் திருச்சபை பிறந்த கதை

மயிலாப்பூரிலிருந்து ஜெமினி மேம்பாலம் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லோரும் கதீட்ரல் ரோட்டைத் தாண்டித்தான் போகிறார்கள். மியூசிக் அகாடமி தெரியும், ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி தெரியும், செம்மொழிப் பூங்கா தெரியும். ஆனால் அந்தச் சாலைக்குப் பெயர் கொடுத்த கதீட்ரலுக்குள் போய்ப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அதுதான் செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல். 1816இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1835இல் சென்னைக்கென்று தனி ஆங்கிலிக்கன் பேராயர் வந்தபோது பேராலயம் என்ற அந்தஸ்து பெற்றது. வெள்ளைக்காரர்களுக்காகக் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தில், இந்தியா சுதந்திரம் அடைந்த 43ஆம் நாள், அதாவது 1947 செப்டம்பர் 27, சனிக்கிழமை, ஒரு நிகழ்ச்சி நடந்தது. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பாவில் பிரிந்து, சண்டை போட்டு, ஒருவர் கையால் இன்னொருவர் திருவிருந்து வாங்கக்கூட மறுத்த சபைகள் அன்று ஒரே சபையாயின. தென்னிந்தியத் திருச்சபை, அதாவது நாம் சி.எஸ்.ஐ. என்று சொல்வது, அன்றுதான் பிறந்தது.

இதற்கு முன் உலகில் எங்கும் பேராயர்கள் ஆளும் ஆங்கிலிக்கன் சபையும், பேராயரே வேண்டாம் என்ற சபைகளும் இப்படி ஒன்றாக இணைந்ததில்லை. லண்டனில் முடியாதது, எடின்பரோவில் முடியாதது, நம் ஜெமினி பக்கத்தில் எப்படி முடிந்தது?

குணம் பார்த்து ஆள் சேர்ப்பது

இப்போதெல்லாம் கம்பெனிகளில் மட்டுமல்ல, சபைகளிலும் தலைமைப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, பதில்களை வைத்து 'நீங்கள் இந்த வகை, அவர் அந்த வகை' என்று பிரிக்கிறார்கள். மையர்ஸ்-பிரிக்ஸ் முறையில் மொத்தம் 16 வகை. கனவு காண்பவர் ஒருவர், கணக்குப் பார்ப்பவர் ஒருவர், எல்லோரையும் சமாதானப்படுத்துபவர் ஒருவர் என்று கலந்து வைத்தால் நல்ல குழு கிடைக்கும் என்பது இதன் அடிப்படை.

யோசனை புதிதல்ல. இயேசு சேர்த்த 12 பேரைப் பாருங்கள். மத்தேயு ரோம அரசுக்கு வரி வசூலித்தவர். சீமோன் என்ற இன்னொருவருக்கு 'செலோத்தே' என்ற பட்டப்பெயர். ரோம ஆட்சியை வெறுத்த தீவிரவாதிகளின் பெயர் அது. பேதுரு எதையும் யோசிக்காமல் முன்னால் குதிப்பவர். கண்ணால் பார்க்காமல் எதையும் நம்பமாட்டேன் என்றவர் தோமா. மரபின்படி மயிலாப்பூர் வரை வந்து சாந்தோமில் அடக்கமானவரும் அவரேதான்.

ஆனால் கலந்து உட்கார வைப்பது சுலபம். உட்கார்ந்தவர்கள் எழுந்து போகாமல் இருப்பதுதான் கஷ்டம். சி.எஸ்.ஐ. கதை இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றியது.

ஊரைப் பொறுத்து சபை

முதலில் பிரச்சினை என்ன என்று பார்ப்போம். 19ஆம் நூற்றாண்டில் மிஷனரி சங்கங்கள் தங்களுக்குள் போட்டி வராமல் இருக்க தமிழ்நாட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டன. திருநெல்வேலி ஆங்கிலிக்கன்களுக்கு. மதுரை அமெரிக்கக் காங்கிரிகேஷனல்காரர்களுக்கு. வேலூர், ஆற்காடு பக்கம் அமெரிக்க ரிஃபார்ம்டு சபைக்கு. நாகர்கோவில் லண்டன் மிஷனுக்கு.

விளைவு? ஒரு தமிழ்க் கிறிஸ்தவர் ஆங்கிலிக்கனா, காங்கிரிகேஷனலா என்பது அவருடைய நம்பிக்கையைப் பொறுத்தது அல்ல, அவர் பிறந்த ஜில்லாவைப் பொறுத்தது! இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில் தொடங்கிய தகராறுக்கும் நாசரேத்தில் பனையேறுகிறவருக்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் மதுரைக்காரர் வேலைக்காக ஆங்கிலிக்கன் ஊருக்குப் போனால் அங்கே திருவிருந்தில் முழு உரிமை கிடையாது.

ஒவ்வொரு சபைக்கும் ஒரு நிர்வாகக் குணம் இருந்தது.

ஆங்கிலிக்கன்: பேராயர் என்ற ஒரு மனிதர் பொறுப்பு. அப்போஸ்தலர் காலத்திலிருந்து கைவைத்து, கைவைத்து வரும் தொடர்ச்சி முக்கியம்.

பிரஸ்பிடேரியன்: ஒருவர் கையில் அதிகாரம் கூடாது. மூப்பர்கள் குழுவாகக் கூடி முடிவெடுக்க வேண்டும்.

காங்கிரிகேஷனல்: மேலே யாரும் வேண்டாம். உள்ளூர் சபையாரே கூடித் தீர்மானிக்க வேண்டும்.

மெதடிஸ்ட்: ஆண்டு மாநாடு தீர்மானிக்கும். ஆயர்கள் ஊர் ஊராக மாற்றப்படுவார்கள். ஒழுங்கும் உண்டு, உற்சாகமான பாட்டும் உண்டு.

ஒரு வீட்டில் நான்கு அண்ணன் தம்பிகள் இருந்து, ஒருவர் 'அப்பா சொன்னதுதான் சட்டம்', இன்னொருவர் 'பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்து பேசணும்', மூன்றாமவர் 'என் ரூமில் நான் வைத்ததுதான்', நான்காமவர் 'வருஷத்துக்கு ஒரு தடவை மீட்டிங் போடலாம்' என்றால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இருந்தது. இதில் பிரஸ்பிடேரியன்களும் காங்கிரிகேஷனல்காரர்களும் 1908இலேயே தென்னிந்திய ஐக்கிய சபை என்று சேர்ந்துவிட்டார்கள். ஆங்கிலிக்கன்களோடு சேர்வதுதான் மலையாக நின்றது.

தரங்கம்பாடியில் இரண்டு நாள்

1919 மே 1, 2 தேதிகளில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினார்கள். இருவரைத் தவிர மற்ற அனைவரும் இந்தியர்கள். இந்தப் பிரிவினைகளை நாங்கள் உண்டாக்கவில்லை, வெளியிலிருந்து எங்கள்மேல் சுமத்தப்பட்டவை, இவற்றைத் தொடர எங்களுக்கு விருப்பமில்லை என்ற பொருளில் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். முதல் உலகப்போர் முடிந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. ஜாலியன் வாலாபாக் நடந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் இந்த வார்த்தைகளுக்கு என்ன கனம் இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதன் மையமாக இருந்தவர் வி.எஸ். அசரியா. 1874இல் திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளையில் ஓர் ஆங்கிலிக்கன் குருவானவரின் மகனாகப் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, ஒய்.எம்.சி.ஏ. செயலராக வேலை செய்தவர். 1910இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில், மிஷனரிகள் நிறைய தியாகம் செய்திருக்கிறார்கள், ஆனால் எங்களை நண்பர்களாக நடத்தவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னவர். சபையில் பலருக்கு முகம் சிவந்தது. 1912இல் தோர்ணக்கல் பேராயரானார். இந்திய ஆங்கிலிக்கன் சபையில் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். மாட்டுவண்டியில் தெலுங்குக் கிராமங்களைச் சுற்றியவர்.

அவருக்குப் பின்னால் நின்றவர் அப்போதைய சென்னைப் பேராயர் ஹென்றி வைட்ஹெட். (தத்துவவாதி ஆல்ஃபிரட் நார்த் வைட்ஹெட்டின் அண்ணன்.) ஓர் இந்தியரைப் பேராயராக்கலாமா என்று பலர் தயங்கியபோது தள்ளி முன்னே கொண்டுவந்தவர் அவர்.

மேஜையைச் சுற்றி யார் யார்?

1920இல் பெங்களூரில் கூட்டுக்குழு முதன்முறையாகக் கூடியது. அடுத்து வந்த 27 வருடங்களில் அந்த மேஜைக்கு வந்துபோன சிலரைப் பார்த்தாலே போதும்.

அசரியா, கனவு காண்பவர், அவசரப்படுபவர். 1927இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் நடந்த மாநாட்டிலும், மேற்கு நாட்டுக்குப் பிரிவினை ஒரு பலவீனம், ஆனால் எங்கள் நாட்டில் அது பாவம் என்ற ரீதியில் பேசினார்.

இ.ஜே. பாமர், பம்பாய்ப் பேராயர், ஆக்ஸ்ஃபோர்டில் பாடம் நடத்தியவர். ஒவ்வொரு சொல்லையும் எடைபோடுபவர். ஆங்கிலிக்கன் தரப்பு எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடவே முடியாது என்று பிரித்துக் காட்டியதில் அவர் பங்கு பெரிது.

ஜே.ஜே. பானிங்கா, மதுரை பசுமலை இறையியல் பள்ளியில் ஆயர்களைத் தயாரித்த அமெரிக்கர். ஐக்கிய சபையின் குரல்.

ஜே.எஸ்.எம். ஹூப்பர், மெதடிஸ்ட். வேதாகமச் சங்கத்தின் வேலையைக் கவனித்தவர். கூட்டம் கூட்டுவது, கடிதம் எழுதுவது, விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிப்பது என்று யாருக்கும் பிடிக்காத வேலையை வருடக்கணக்காகச் செய்தவர். சுவாரஸ்யமான விஷயம் என்னவென்றால், இதே ஹூப்பர்தான் ஆழ்வார் பாசுரங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1929இல் புத்தகமாக வெளியிட்டவர். மற்றவர் பக்தியைப் பொறுமையாகப் படித்துப் புரிந்துகொள்ளும் மனசு இருந்தவருக்கு, இந்த வேலை பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

லெஸ்லி நியூபிகின், கடைசிக் கட்டத்தில் சேர்ந்த இளைஞர். ஸ்காட்லாந்து பிரஸ்பிடேரியன். 1936இல் வந்து காஞ்சிபுரத்தில் வேலை செய்தவர், தமிழில் நன்றாகப் பேசக்கூடியவர்.

இவர்களை யாரும் குணப் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒவ்வொருவரும் தன் சபையின் பிடிவாதத்தோடுதான் வந்தார்கள்.

எங்கே முட்டியது?

முட்டாத இடமே இல்லை எனலாம். முக்கியமாக இரண்டு.

ஒன்று, பழைய ஆயர்களை என்ன செய்வது? பேராயர் கைவைக்காமல் குருப்பட்டம் பெற்றவர்கள் ஐக்கிய சபையிலும் மெதடிஸ்ட் சபையிலும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். இவர்களுக்கு மறுபடி பட்டம் கொடுத்தால், இதுவரை அவர்கள் செய்த ஊழியம் செல்லாது என்று சொன்னது போலாகும். கொடுக்காவிட்டால், ஆங்கிலிக்கன்களில் பலருக்கு மனசாட்சி உறுத்தும்.

இரண்டு, குருப்பட்டம் பெறாத சபை மூப்பர் திருவிருந்து நடத்தலாமா? ஆயர் வருடத்துக்குச் சில தடவையே வரும் கிராமங்களை நினைத்து ஐக்கிய சபையில் பலர் நடத்தலாம் என்றார்கள். ஆங்கிலிக்கன்கள் முடியவே முடியாது என்றார்கள். 1930களில் பேச்சு இதனால் ஏறக்குறைய நின்றேவிட்டது. இறுதித் திட்டத்தில் அந்த அனுமதி இடம்பெறவில்லை.

1929இல் முதல் திட்டம் அச்சாகி வெளிவந்தது. பிறகு திருத்தம், மறுபடி திருத்தம். 1940களின் தொடக்கத்துக்குள் ஏழாவது பதிப்பு! காலேஜ் பிராஜெக்ட் ரிப்போர்ட்டை இரண்டாவது தடவை திருத்தச் சொன்னாலே கோபம் வருகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

தீர்வு எப்படி வந்தது?

கடைசியில் அவர்கள் செய்தது மூன்று காரியம்.

முதலாவது, யாருடைய குணத்தையும் நீக்கவில்லை, எல்லாவற்றையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். பேராயர் உண்டு, ஆனால் அவர் ராஜா அல்ல. பேராயத்தின் பேரவை பெயர்களைத் தேர்ந்தெடுக்கும், அவற்றிலிருந்து சினாட்டின் குழு ஒருவரை நியமிக்கும். சினாட்டிலும் பேரவையிலும் ஆயர்களோடு சாதாரண சபையாரும் உட்காருவார்கள். உள்ளூர் சபைக்கும் அதன் கமிட்டிக்கும் தனிக் குரல் உண்டு. ஒருவர், குழு, கூட்டம் என்ற மூன்றும் ஒன்றை ஒன்று பிடித்து நிறுத்தும்.

இரண்டாவது, பேராயர் பதவியை எல்லோரும் ஏற்க வேண்டும், ஆனால் அதற்கு என்ன இறையியல் விளக்கம் என்பதில் ஒரே கருத்து தேவையில்லை என்று எழுதிவைத்தார்கள். செய்கையில் ஒற்றுமை போதும், காரணத்தில் ஒற்றுமை வேண்டாம்.

மூன்றாவது, காலத்திடம் விட்டார்கள். பழைய ஆயர்கள் யாருக்கும் மறுபட்டம் இல்லை. இனிமேல் வருகிறவர்களுக்குப் பேராயர் கைவைப்பார். ஒரு சபைக்குப் பழக்கமில்லாத, மனம் ஒப்பாத ஆயரை வலுக்கட்டாயமாக அனுப்பமாட்டோம் என்று வாக்குறுதி. இப்படி 30 வருடம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்.

இந்த மூன்றாவதுதான் மிக முக்கியம். குழுவில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் முழுசாக மாற்றிய பிறகுதான் சேர வேண்டும் என்று காத்திருந்தால் இன்றும் பேசிக்கொண்டேதான் இருந்திருப்பார்கள். சேர்ந்து வாழ்ந்தால் பதில் வரும் என்று நம்பினார்கள்.

மெதடிஸ்ட் சபை 1943இல் ஒப்புக்கொண்டது. ஆங்கிலிக்கன் பொதுப்பேரவை 1945 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. ஐக்கிய சபை 1946இல் சம்மதித்தது. இதில் வருத்தமான செய்தி ஒன்று. 1945 ஜனவரி 1ஆம் தேதி அசரியா இறந்துபோனார். 25 வருடம் காத்திருந்தவர், தன் சபையின் சம்மதத்தைச் சில வாரங்களில் தவறவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை

1947 செப்டம்பர் 27 அன்று கதீட்ரலில் பேராயர் சி.கே. ஜேக்கப் இணைப்பை அறிவித்தார். கேரளாவைச் சேர்ந்தவர் அவர். ஓர் இந்தியக் குரல் அதைச் சொன்னது தற்செயல் என்றாலும் பொருத்தம்தான். ஹூப்பர் பிரசங்கம் செய்தார். 9 பேர் புதிதாகப் பேராயர்களாகக் கைவைக்கப்பட்டார்கள். அதில் ஒருவர் நியூபிகின். வயது 37. பேராயர் என்ற பதவியே வேண்டாம் என்ற பரம்பரையில் வந்தவர் மதுரை-ராமநாதபுரம் பேராயர் ஆனார்!

முதல் பிரதமப் பேராயர் ஏ. மைக்கேல் ஹாலிஸ், ஆங்கிலேயர், சென்னைப் பேராயர். இவர் பின்னாளில், மிஷனரிகள் இந்தியச் சபையைத் தகப்பன் பிள்ளையை நடத்துவதுபோல நடத்தியதால் விளைந்த கெடுதல் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அதிகாரத்தில் இருந்துகொண்டே அதிகாரத்தைச் சந்தேகப்பட்டவர். அவருக்குப் பின் 1954இல் பிரதமப் பேராயரானவர் எச். சுமித்ரா. அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர், அதுவும் ஐக்கிய சபையிலிருந்து வந்தவர். 1950இல் கோயம்புத்தூர் பேராயரான ஏ.ஜே. அப்பாசாமியோ, கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கிய அறிஞர்.

இப்படிப் பல திசையிலிருந்து வந்தவர்கள் சேர்ந்ததால் ஒரு நன்மை உடனே தெரிந்தது. 1950இல் சி.எஸ்.ஐ. வெளியிட்ட திருவிருந்து ஆராதனை முறையில், கேரளாவின் சிரியன் கிறிஸ்தவ வழக்கத்திலிருந்து எடுத்த ஒரு பகுதி உண்டு. சமாதான வாழ்த்தை ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கொடுப்பது. பிறகு மேற்கு நாட்டுச் சபைகளும் ஆராதனை முறையைத் திருத்தியபோது இந்த முறையைக் கவனித்துப் படித்தன. பிரிவினை அங்கிருந்து வந்தது, சமாதானம் இங்கிருந்து போனது.

கொடுத்த விலை

எல்லோரும் கைதட்டினார்கள் என்று நினைக்க வேண்டாம். கவிஞர் டி.எஸ். எலியட் 1943இலேயே இந்தத் திட்டத்தை எதிர்த்து ஒரு சிறு நூல் எழுதினார். இப்படிச் சேர்வது சபையை அழித்துச் சேர்வது என்பது அவர் கட்சி. 1948இல் உலக ஆங்கிலிக்கன் பேராயர்கள் கூடிய லாம்பெத் மாநாட்டில் ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை.

உள்ளூரிலும் காயம் உண்டு. ஆந்திராவின் நந்தியால் பகுதி ஆங்கிலிக்கன்களில் ஆயிரக்கணக்கானோர் சேர மறுத்து வெளியே நின்றுவிட்டார்கள். லூத்தரன் சபைகளும், அமெரிக்க மெதடிஸ்ட் வழிவந்த சபையும் சேரவில்லை. இன்றும் சென்னையில் அவை தனித்தனியாகவே இருக்கின்றன.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். அந்தச் சட்டம் பேராயருக்குக் கடிவாளம் போட்டது, ஆனால் தேர்தலுக்குப் போடவில்லை. அதனால் பிற்காலத்தில் பேராயர் தேர்தல், சாதி, சொத்து என்று சண்டைகள் வந்து கோர்ட் வரை போவது சி.எஸ்.ஐ.யில் வழக்கமாகிவிட்டது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்ற வேறுபாட்டைப் பற்றி 28 வருடம் பேசியவர்கள், ஊருக்குள் இருந்த சாதி வேறுபாட்டைப் பற்றி அதே பொறுமையோடு பேசியிருந்தால் என்ற எண்ணம் வராமல் இல்லை.

30 வருடம் கழித்து

காலத்திடம் விட்டது என்ன ஆனது?

ராயப்பேட்டை வெஸ்லி ஆலயம் மெதடிஸ்ட் ஆலயம், சாந்தோம் கடற்கரையின் செயின்ட் தாமஸ் ஆலயம் ஆங்கிலிக்கன் ஆலயம். இரண்டுமே இன்று சி.எஸ்.ஐ. அங்கே ஞாயிறு ஆராதனைக்குப் போகும் கல்லூரி மாணவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பழைய வித்தியாசம் தெரியும்? 1965இல் நியூபிகின் சென்னைப் பேராயராக வந்து, செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலிலேயே அமர்ந்தார். 1974இல் ஓய்வு பெற்றபோது அவரும் மனைவியும் இரண்டு சூட்கேஸும் ஒரு தோள்பையுமாக, கிடைத்த பஸ்களைப் பிடித்துத் தரைவழியாகவே இங்கிலாந்துக்குப் போனார்கள். அவருக்குப் பின் அந்த இடத்துக்கு வந்தவர் சுந்தர் கிளார்க்.

வெளியே நின்ற நந்தியால்? 1975இல் சி.எஸ்.ஐ.யில் சேர்ந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, 28 வருடம் ஆயிற்று, அவ்வளவுதான். 1947இல் கைவைக்கப்பட்ட 9 பேரும் ஆண்கள். 2013 செப்டம்பர் 30 அன்று சி.எஸ்.ஐ.யின் முதல் பெண் பேராயராக எகோணி புஷ்பலலிதா கைவைக்கப்பட்டார். எந்தப் பகுதிக்குத் தெரியுமா? நந்தியாலுக்கு!

குணம் ஒத்தவர்களைத் தேடிப் பிடித்தால் குழு சீக்கிரம் அமையும். ஆனால் வித்தியாசமானவர்களைச் சேர்த்து வைக்க இரண்டு வேண்டும்: யாரும் தனியாக முடிவெடுக்க முடியாத ஒரு சட்டம், யாரையும் அவசரப்படுத்தாத பொறுமை. அசரியா அவசரப்பட்டார், ஹூப்பர் பொறுமையாக மினிட்ஸ் எழுதினார். அவசரப்பட ஆள் இல்லாவிட்டால் பேச்சே தொடங்கியிருக்காது. எழுத ஆள் இல்லாவிட்டால் அது முடிந்திருக்காது.

அடுத்த தடவை கதீட்ரல் ரோட்டில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால், ஜன்னல் வழியாக அந்த வெள்ளைக் கோபுரத்தை ஒரு தடவை பாருங்கள். பச்சை விளக்குக்கு இரண்டு நிமிடம்தான் காத்திருக்கிறோம். அவர்கள் 28 வருடம் காத்திருந்தார்கள்.